வாய்க்கால் தாண்டப் போன தாய்மாமன்

ஒரு ஊர்ல ஒரு மாமா இருந்தாராம். பேரு கலியமூர்த்தி. ஊரு பண்ருட்டி. மீசை இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும். தொப்பை அதுக்கும் முன்னாடியே வந்து நிக்கும். ரெண்டு வீடு தள்ளி இருக்கற கடையில கொத்தமல்லி வாங்கணும்னாலும் கார எடுத்துக்கிட்டுத்தான் போவாராம். ம் சொல்லு, அப்பதான் மேல சொல்வேன்.

ம்.

அவரோட தங்கச்சி அல்லி, ஹாலந்து தேசத்துல இருந்தா. அங்க எங்க பாத்தாலும் தண்ணி, எங்க பாத்தாலும் மாடு, எங்க பாத்தாலும் சைக்கிள். அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. தாய்மாமன் தூக்கி ஏணையில, அதான் சேலைத் தொட்டில்ல, போட்டாத்தானே பேரு வைக்கலாம்? அதனால மாமா ஏரோப்பிளேன் ஏறிப் போனாரு. கையில என்ன கொண்டு போனாரு தெரியுமா? அவங்க அம்மா கட்டின பழைய நூல் சேலை. வெண்ணெய் மாதிரி மெத்துனு இருக்கும். அதுலதான் ஏணை கட்டணும்னு அல்லிக்கு ஆசை. அம்மா இப்ப இல்லை பாரு.

அல்லி வீடு இத்துனூண்டு. அதனால மாமாவ ஊருக்கு வெளிய, த்ரூஸ்னு ஒரு அம்மா வீட்டுல தங்க வச்சா. அந்தம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ஒட்டடைக் குச்சி மாதிரி ஒசரம். மாமாவுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் நாலு வார்த்தை, அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது அஞ்சு. மிச்சமெல்லாம் கை பேசும்.

அப்புறம் விடிஞ்சா பேரு வைக்கற நாளு. பத்தரை மணிக்குள்ள ஏணையில போட்டாகணும், அப்புறம் ராகு காலம். மாமா பட்டு வேட்டி கட்டி, பவுடர் பூசி, சேலைய மடிச்சு எடுத்துக்கிட்டு, "டாக்சி கூப்பிடுங்கம்மா"ன்னாரு.

"டாக்சி வர ஒரு மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்துல நாம போயிடலாம்"னு சொல்லி, அந்தம்மா ஒரு சைக்கிளக் கொண்டாந்து நிறுத்துனாங்க.

மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. இருந்தாலும் நேரமாகுதே! ஏறி உக்காந்தாரு. கால் எட்டலை. எப்படியோ எக்கி எக்கி மிதிச்சாரு. கிறீச்... கிறீச்... கிறீச்... பரவால்லயே, ஓடுதேன்னு சந்தோஷம். எதிர்ல ஒரு மாடு வந்துச்சு. பிரேக்கப் புடிக்கலாம்னு பாத்தா, கைப்பிடியில பிரேக்கே இல்லை!

"பின்னால மிதி! பின்னால மிதி!"ன்னு த்ரூஸ் அம்மா கத்துறாங்க. அந்த ஊரு சைக்கிள்ல பெடலப் பின்னால மிதிச்சாத்தான் நிக்குமாம். மாமா ரெண்டு காலாலயும் ஓங்கி மிதிச்சாரு. சைக்கிள் டக்குனு நின்னுச்சு. மாமா நிக்கல. சொய்ங்ங்ங்... பொத்! புல்லுல போய் விழுந்தாரு. மாடு வந்து அவரு மீசைய நக்குச்சு. சளக்.

சிரிக்காதே. அவருக்கு எவ்ளோ வெக்கமா இருந்துச்சு தெரியுமா? சேலைக்கு ஒண்ணும் ஆகலை, சைக்கிள் சக்கரம்தான் அப்பளமாட்டம் வளைஞ்சுபோச்சு.

அப்போ த்ரூஸ் அம்மா கொட்டகைக்குள்ள போயி, இன்னொரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பெரிய மரப்பெட்டி. புள்ளைங்கள உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போற பெட்டி.

"ஏறு"ன்னாங்க.

"நானா?"

"ஏறு!"

பட்டு வேட்டியோட கலியமூர்த்தி மாமா பெட்டிக்குள்ள உக்காந்தாரு. முட்டி ரெண்டும் காதுக்குப் பக்கத்துல. எழுபத்திரண்டு வயசு அம்மா பின்னால உக்காந்து ஹும்... ஹும்...னு மிதிக்கிறாங்க. போற வர்றவங்க எல்லாரும் "ஹோய்!"னு கை காட்டுறாங்க. அந்த ஊர்ல வணக்கம்னா அதான். மாமாவும் தலைய மட்டும் வெளிய நீட்டி "ஹோய்! ஹோய்!"ங்கறாரு.

அப்புறம் மழை வந்துச்சு. சடசடசட. எதிர்க்காத்து உஸ்ஸ்ஸ்ஸ். அந்தம்மா கண்டுக்கவே இல்லை. பெட்டிய ஒரு பிளாஸ்டிக் தாளால மூடிட்டு மிதிச்சுக்கிட்டே போனாங்க. மாமா தாளுக்குள்ளேர்ந்து எட்டிப் பாத்தாரு. ஒரு அன்னப்பறவை கரையில கூடு கட்டிக் குந்தியிருக்கு. கை நீட்டினாத் தொடலாம். ஈரப்புல்லு வாசனை வேற. அவருக்கு என்னமோ சின்னப் புள்ளையாட்டம் ஆயிடுச்சு. 'அட, நல்லாத்தான் இருக்கு'ன்னு நெனச்சாரு. வெளிய சொல்லலை.

தூங்கிட்டியா?

இல்லை, சொல்லு.

அப்போ டிங் டிங் டிங்னு மணி அடிச்சுது. மழை விட்டிருந்துச்சு. முன்னாடி ஒரு பாலம். அந்தப் பாலம் அப்படியே வாயப் பொளந்துக்கிட்டு மேல தூக்குது! படகு போகணுமாம். ஒரு படகு போச்சு. ரெண்டு போச்சு. மூணாவது படகுல ஒரு தாத்தா நாய்க்குட்டியோட ஆடி அசைஞ்சு வர்றாரு. மணி பத்து!

மாமா பெட்டிக்குள்ள குதிக்கிறாரு. "அம்மா! நேரம்! நேரம்!"

த்ரூஸ் அம்மா அலட்டிக்காம பையிலேர்ந்து பிளாஸ்க்க எடுத்து காபி ஊத்துனாங்க. ஒரு டப்பாவத் தொறந்து நீட்டுனாங்க. மாமா ஒரு பிஸ்கட் எடுத்தாரு. ரெண்டாவதுக்குக் கை போச்சு. டப்! மூடி போட்டுட்டாங்க. அந்த ஊர்ல காபிக்கு ஒரு பிஸ்கட்தான்! பாவம், மாமா அந்த ஒத்த பிஸ்கட்ட எலி மாதிரி ஓரம் ஓரமாக் கொறிச்சாரு.

பாலம் எறங்குறப்ப மணி பத்தே கால். ரோட்டுல போனா சுத்து, இருபது நிமிஷம். புல்வெளியில குறுக்க போனா அஞ்சு நிமிஷம். அந்தா தெரியுது அல்லி வீட்டு ஜன்னல். ஆனா நடுவுல ஒரு வாய்க்கால்.

த்ரூஸ் அம்மா சைக்கிள நிறுத்திட்டு, அங்க கெடந்த ஒரு நீளக் கழிய எடுத்தாங்க. தண்ணியில ஊணுனாங்க. ஓடி வந்து தொத்துனாங்க. ஹொய்ய்ங்! அந்தப் பக்கம் போய் நின்னாங்க. அங்க மாட்டுக்காரங்க அப்படித்தான் வாய்க்கால் தாண்டுவாங்களாம். கழியத் திருப்பி இந்தப் பக்கம் தள்ளி விட்டு, "வா!"ன்னாங்க.

மாமா தண்ணியப் பாத்தாரு. ஜன்னலப் பாத்தாரு. கையில இருக்கற சேலையப் பாத்தாரு. சேலையத் தலையில தலைப்பாவாக் கட்டுனாரு. வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. சேலையத் தொட்டு, "அம்மா, நீதான் துணை"ன்னு சொல்லிட்டு ஓடுனாரு. திடுதிடுதிடுதிடு... ஹொய்ய்ய்...

பாதியில கழி நின்னுபோச்சு. சேத்துல புதைஞ்சு நட்டமா நிக்குது. உச்சியில மாமா கொரங்காட்டம் தொங்குறாரு. இந்தப் பக்கமும் சாயல, அந்தப் பக்கமும் சாயல. அப்புறம் மெதுவா... மெதுவா... மெதுவா...

தொபுக்கடீர்!

த்ரூஸ் அம்மா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டாங்க. தண்ணிக்கு மேல மொதல்ல ரெண்டு கை வந்துச்சு. கையில சேலை. அப்புறம்தான் மீசை வந்துச்சு. விழறப்பவே தலைப்பாவப் புடுங்கி மேல தூக்கிட்டாரு மனுசன்! இடுப்பு வரைக்கும் சேறு, மீசையில பாசி, சேலையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

அப்படியே கரையேறி ஓடுனாரு. சளக் புளக் சளக் புளக். அல்லி கதவத் தொறந்தா.

"அண்ணே! என்னண்ணே இது கோலம்!"

"அதெல்லாம் அப்புறம். இந்தா, அம்மா சேலை. மொதல்ல இதப் புடி."

அல்லி சேலைய மூஞ்சியில வச்சு மோந்து பாத்தா. கண்ணு நெறைஞ்சுபோச்சு. அல்லியோட வீட்டுக்காரரு, அதான் மாப்பிள்ளை, ஓடிப் போயி உத்தரத்துக் கொக்கியில ஏணை கட்டுனாரு. மாமா கை கழுவி, மாப்பிள்ளையோட பூப்போட்ட கால்சட்டைய மாட்டிக்கிட்டு வந்து, புள்ளையத் தூக்கி ஏணையில போட்டாரு. மணி பத்து இருபத்தொம்பது!

அப்புறம், பின்னாலயே வந்து சேர்ந்த த்ரூஸ் அம்மா ஒரு தட்டு கொண்டாந்தாங்க. "புள்ள பொறந்தா எங்க ஊர்ல இதான் பலகாரம். ரொட்டி மேல குட்டி எலி."

"எலியா!" மாமா சுவரோட ஒட்டிக்கிட்டாரு.

அல்லி விழுந்து விழுந்து சிரிச்சா. "எலின்னு பேருதான்ணே! உள்ள சோம்பு, மேல சக்கரை. ரோஸ் கலருன்னா பொம்பளப் புள்ள."

மாமாவுக்குக் கொலப்பசி. காலையிலேர்ந்து ஒத்த பிஸ்கட்தானே? முழு ரொட்டியையும் வாயில திணிச்சாரு. நம்ம ரஸ்க் மாதிரி ரொட்டி. ஒரே ஒரு கடி. கரக்!

"உஷ்ஷ்ஷ்!"னாங்க எல்லாரும். பாப்பா அப்பத்தான் கண்ணு சொக்குது.

கடிச்சா சத்தம். துப்பினா மரியாதை இல்லை. பாவம் கலியமூர்த்தி மாமா, ரெண்டு கன்னமும் உப்பிக்கிட்டு, வாய் நெறைய எலியோட, பாப்பா தூங்கி எந்திரிக்கற வரைக்கும் ஆடாம அசையாம உக்காந்திருந்தாராம்.

கதை தீந்துபோச்சு, கண்ண மூடு. நீ தூங்கினாத்தான் நானும் என் முறுக்கக் கடிக்கலாம்.