அரண்மனையில் உலை ஏறாத நாள்

முன்னொரு காலத்தில், சட்டம் போடுவதில் சலிக்காத ஒரு ராஜா இருந்தார். சலித்துப் போனதெல்லாம் அவரிடம் வேலை பார்த்தவர்கள்தான்.

ஒரு நாள் காலையில் ராஜாவுக்குத் தலைவலி. கோழி காணாமல் போனாலும் அவரிடம் வருகிறார்கள். எல்லையில் பகைவன் வந்தாலும் அவரிடமே வருகிறார்கள். மனிதர் எத்தனையைத்தான் கேட்பார்! "இனி ஆளுக்கொரு வேலை!" என்று அதிகாரத்தை மூன்றாகப் பங்கு போட்டுவிட்டார். தெரு, கிணறு, அடுப்பு, வேலி எல்லாம் அந்தந்த ஊர்ச்சபைக்கு. பல ஊர்களுக்குப் பொதுவான சாலை, சந்தை, வாய்க்கால் எல்லாம் நாட்டார் சபைக்கு. கோட்டை, படை, ஏரி மதகு எல்லாம் அரசருக்கு. கடைசியில், 'ஒருவர் அதிகாரத்தில் இன்னொருவர் தலையிடலாகாது, அரசரே ஆயினும்' என்று ஒரு வரியையும் சேர்த்தார். அந்த வரியை நாலு தரம் படித்துப் படித்து மகிழ்ந்தார்.

அந்த ராஜாவின் சபையில் விகடகவியாக இருந்தவர் குழைக்காதர். வயது அறுபது. இரண்டு காலிலும் வாதம். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. ஆனால் அவரே சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரு நாள் வடகரை என்ற ஊரிலிருந்து வீராயி என்பவள் வந்து அவர் வாசலில் நின்றாள்.

"சாமி, எங்க ஏரி மதகு சிக்கிக்கிச்சு. நெல்லு பால் புடிக்கிற நேரம். தண்ணி ஏரி நெறைய நிக்குது, வயலுக்கு ஒரு சொட்டு வரல. நானும் ஒரு மாசமா அலையுறேன். ஊர்ல கேட்டா நாட்டாரக் கேளுங்கறாங்க. நாட்டாரக் கேட்டா அரமனையக் கேளுங்கறாங்க. அரமனையில ஓலைய வாங்கி வச்சுக்கிட்டாங்க. வச்சது வச்சதுதான்."

"நான் சிரிக்க வைக்கிற ஆள் அம்மா."

"அப்ப எங்கள ஒரு தடவ சிரிக்க வையுங்களேன்."

குழைக்காதர் அன்றே சபையில் பேச்சை எடுத்தார். ஓலைநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஓலைநாயகம் என்பவர் அரசரின் எழுத்து வேலைக்கெல்லாம் தலைவர். ராஜா தன் பேச்சைவிட விகடகவியின் பேச்சை ரசிக்கிறாரே என்று வயிறு எரிகிறவர்.

"அரசே, மதகு நம்முடையது. ஆனால் அதைத் திறந்தால் நீர் பாய்வது நாட்டாரின் வாய்க்காலில். வாய்க்கால் உடைந்தால் நனைவது ஊராரின் தெரு. ஆகவே மூவரின் ஒப்புதலும் ஒரே ஓலையில் வேண்டும். விகடகவியாருக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் எட்டு நாளில் அவரே வாங்கி வரட்டும். இயலாவிட்டால் சபையில் அவருக்கு ஆசனம் எதற்கு?"

"வேடிக்கையாக இருக்கிறதே! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

குழைக்காதர் நடந்தார். வடகரை ஊர்த்தலைவர், "நாட்டார் எழுதட்டும், அடுத்த வரியில நான் எழுதுறேன்" என்றார். நாட்டார் தலைவர், "அரமனை எழுதாம நாங்க எப்பிடிங்க கையெழுத்துப் போடறது?" என்றார். ஓலைநாயகம், "ஊர்ச்சபை ஒப்புதல் இல்லாமல் இங்கே எழுத்தாணியைத் தொட மாட்டோம்" என்றார். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் வெற்றிலை கொடுத்து, மோர் கொடுத்து, உட்கார வைத்து, பிறகு அனுப்பி வைத்தார்கள். ஆறு நாள் போயிற்று. கால் இரண்டும் வீங்கிப் போயின. வடகரைப் பக்கம் போனபோது மேட்டு வயல்களில் கதிர் வெளுத்துச் சாய்ந்து கிடந்தது. வீராயி அவர் முகத்தைப் பார்த்ததுமே வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் ஓலைநாயகத்தின் அறைக்குப் போனார். தரையிலிருந்து கூரை வரை காய்ந்த ஓலை. அதில் வீராயியின் ஓலை எங்கே கிடக்கிறதோ! பக்கத்திலேயே மடைப்பள்ளி. புகை இந்த அறைக்குள்ளும் வந்தது. குழைக்காதர் இருமினார். இருமல் நின்றதும் ஓலைக் குவியலைப் பார்த்தார், புகை வரும் பக்கத்தைப் பார்த்தார். பிறகு வாசல் காவலனிடம் போய்க் கேட்டார்.

"ஏனப்பா, இந்த அரண்மனை எந்த ஊரில் இருக்கிறது?"

காவலன் விழித்தான். "அரமனை... அரமனையிலதாங்க இருக்கு."

"அரண்மனை வருவதற்கு முன்னால் இந்த இடத்துக்கு ஒரு பேர் இருந்திருக்குமே?"

"பூளைமேடுன்னு சொல்லுவாங்க. இப்பவும் மதிலுக்கு அந்தப் பக்கம் பத்து வீடு இருக்கு."

பூளைமேட்டு ஊர்ச்சபையில் மொத்தம் மூன்று பேர். பானை சுடும் இருளப்பன், எண்ணெய் ஆட்டும் முத்தையன், பூக்கட்டும் சின்னம்மை. தங்களுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் அதுவரை சொன்னதே இல்லை. குழைக்காதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கோடைக் காற்று வீசும்போது, காய்ந்த ஓலை குவிந்து கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்ட விடுவீர்களா?"

"யாரு விடுவா?" என்றாள் சின்னம்மை. "ஒரு பொறி போதும், ஊரே போயிரும். ஓலைய அப்புறப்படுத்துற வரைக்கும் அடுப்புல தண்ணிய ஊத்திப்புடுவோம்."

எட்டாம் நாள் காலையில் மூவரும் ஆளுக்கொரு குடத்தோடு மடைப்பள்ளிக்குள் நுழைந்தார்கள்.

உச்சிப் பொழுது ஆயிற்று. ராஜா இலையின் முன் உட்கார்ந்தார். இலை வெறுமையாகவே இருந்தது.

"அரசரின் அடுப்பை அணைக்க இவர்கள் யார்?" என்று ஓலைநாயகம் கத்தினார். "சிறையில் தள்ளுங்கள்!"

குழைக்காதர் மெல்ல எழுந்தார். "பக்கத்து அறையில் காய்ந்த ஓலை குவிந்து கிடக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது என்கிறார்கள் அரசே. அடுப்பு ஊர்ச்சபையின் அதிகாரம். ஒருவர் அதிகாரத்தில் இன்னொருவர் தலையிடலாகாது, அரசரே ஆயினும். எழுதியது தங்கள் திருக்கை."

"அப்படியானால் அந்த ஓலைகளை வெளியே அள்ளிப் போடுங்கள்!" என்றார் ராஜா.

"எங்கே போடுவது அரசே? தெரு ஊராருடையது, சாலை நாட்டாருடையது. பதில் எழுதி, அனுப்பியவரிடமே சேர்த்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை."

பசி என்று வந்துவிட்டால் ராஜாவானால் என்ன, ஆண்டியானால் என்ன? ராஜா தாமே எழுத்தாணியைக் கையில் எடுத்தார். ஓலைநாயகம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதி எழுதி விரல் வீங்கிற்று. பொழுது சாயும் நேரத்தில் ராஜாவின் கைக்குக் கடைசி ஓலையாக வீராயியின் ஓலை வந்தது. படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"இதற்கா ஒரு மாதம்? ஊர்த்தலைவர் எங்கே, நாட்டார் தலைவர் எங்கே?"

"இன்று கெடு நாள் என்று இருவரும் காலையிலிருந்தே வாசலில்தான் காத்திருக்கிறார்கள் அரசே" என்றார் குழைக்காதர். " ஒருவர் கையெழுத்துக்காக இன்னொருவர்."

"உள்ளே அழையுங்கள். மூன்று கையெழுத்தும் விழாமல் ஒருவருக்கும் சோறில்லை!"

அறையில் ஓலை தீர்ந்துவிட்டதால் முத்தையன் அடுப்பை மறுபடி மூட்டினான். உலை கொதிப்பதற்குள் மூன்று கையெழுத்தும் விழுந்துவிட்டன. இரண்டு பிடி சோறு உள்ளே போன பிறகுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் அடக்க முடியவில்லை.

"என் சட்டத்தை வைத்தே என்னைப் பட்டினி போட்டுவிட்டீரே! குழைக்காதரே, உமது காலைப் பார்த்தேன். இனி நீர் நடக்க வேண்டாம். ஒரு பல்லக்குத் தந்தோம்!"

சபை ஆரவாரம் செய்தது. ஓலைநாயகம் வீங்கிய விரலோடு அந்த ஆணையை எழுதி நீட்டினார். "பல்லக்கு அரசருடையது. ஆனால் அது போவது நாட்டாரின் சாலையில். அவர்கள் ஒப்புதல் வரும்வரை..."

"தெரியும் ஐயா" என்றார் குழைக்காதர். ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

மறுநாள் வடகரைக்குப் போய்ச் சேர்ந்தார். ஊர்த்தலைவர் ராத்திரியே ஓலையோடு திரும்பி, மதகைச் சீராக்கித் திறக்க வைத்திருந்தார். மேட்டு வயல் போனது போனதுதான். பள்ளத்து வயல்களுக்கு மட்டும் உயிர் வந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடியது. அப்பாடா என்று கரையில் உட்கார்ந்து, வீங்கிய கால் இரண்டையும் தண்ணீருக்குள் விட்டார். கண் தானாக மூடிக்கொண்டது.

"யாருய்யா அது, குடிக்கிற தண்ணியில காலை விடுறது?" என்று வயலுக்குள்ளிருந்து வீராயி குரல் கொடுத்தாள். "ஊர்ச்சபையில சொல்லிப்புடுவேன், ஆமா!"

குழைக்காதர் காலை வெளியே எடுத்தார். பிறகு, எத்தனையோ காலத்துக்கு அப்புறம், வயிறு குலுங்கச் சிரித்தார்.