சந்தியாகுவின் மூன்று நகல்கள்

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் எழினி என்றொரு கணினி குரு இருந்தாள். வயது இருபத்தெட்டு. குரு என்றால் தாடி இருக்கணும் என்று நினைத்து வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். சந்தியாகு போகவில்லை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, கூச்சமெல்லாம் போன வயசு.

அவர் கடலோர ஊர்களில் அலைந்து, மீன் பிடிக்கிறவர்களின் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கி, தன் லினக்ஸ் மடிக்கணினியில் ஓர் அகராதி சேர்த்துக்கொண்டிருந்தார். சொல் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. பயமே அதுதான்.

“குருவே, இது அழியாம இருக்க எத்தனை நகல் வேணும்?”

“எத்தனை வச்சிருக்கீங்க, ஐயா?”

பையிலிருந்து மூன்று வன்தட்டுகளை எடுத்து, கணினியில் சொருகிக் காட்டினார்.

“மூணு. ஒரு கட்டளை எழுதி வச்சிருக்கேன். மணிக்கு ஒருதரம் மூணையும் அசல் மாதிரியே ஆக்கிடும். ஒரு புள்ளி மாறாது.”

சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. பெருமை, வேறென்ன. அந்த மிடுக்கோடேயே போய்க் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எழினி கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அகராதியைத் திறந்தாள். ‘வ’ வரிசை மொத்தத்தையும் அழித்தாள். சேமித்தாள்.

சந்தியாகு துள்ளி எழுந்தார்.

“பதறாதீங்க. அதான் மூணு நகல் இருக்கே. கடலை சாப்பிடுங்க.”

அதுவும் சரிதான் என்று உட்கார்ந்து உரித்தார். பாதி உரிக்கையில் வன்தட்டுகளின் விளக்குகள் மினுக்கின. மணி ஆகிவிட்டது, கட்டளை ஓடுகிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடலை சிதற ஓடினார். முதல் தட்டில் ‘வ’ இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதைத் திறக்கவே கை வரவில்லை. திறந்தார். இல்லை.

“அடிப்பாவி! இந்தச் சொல்லையெல்லாம் கொடுத்த மனுஷி மண்ணுக்குள்ள கிடக்கா! இனி யார்கிட்டப் போய்க் கேப்பேன்?”

“நீங்க சொன்னபடிதானே செஞ்சிருக்கு? அசல் மாதிரியே இருக்கு.”

எழினி ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

“நீங்க கால் கழுவப் போனப்ப எடுத்த நகல். எல்லாம் இருக்கு.”

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, ‘வர்றேன்’ என்றுகூடச் சொல்லாமல் போனார். பத்து வருஷ உழைப்பில் ஒருத்தி கை வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த மாதம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“இப்ப கிட்னு ஒரு மென்பொருள் போட்டிருக்கேன், குருவே. ஒவ்வொரு திருத்தமும் தேதியோட தனித்தனியா நிக்கும். புதுசு வந்து பழசை மிதிக்காது. ஒரு தட்டு தூத்துக்குடியில மக வீட்டுல இருக்கு. என் வீடே எரிஞ்சாலும் கவலையில்ல.”

“நல்லது. அந்தத் தட்டுலேர்ந்து அகராதியைத் திருப்பி எடுத்துப் பாத்தீங்களா?”

“எதுக்கு? இன்னும் ஒண்ணும் தொலையலையே.”

“எடுக்க வரும்னு எப்படித் தெரியும்?”

“என்ன இப்படிக் கேக்கீங்க? வச்சு ஒரு மாசம் ஆச்சு, ஒரு குறையும் காட்டல.”

எழினி ஒரு கடலையை உரித்து அவரிடம் நீட்டினாள்.

“கரையில கிடக்கிற வரைக்கும் எந்த வள்ளமும் ஒழுகாது, ஐயா.”