நண்டு முறித்துப் போட்ட கொடுக்கு

அந்தக் காலத்தில், நண்டும் பறவையும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்ட நாளில், ஜப்பான் தேசத்துச் சேற்றுக்கரை ஒன்றில் நண்டுகள் வளைக்கு வெளியே தலைகாட்டாமல் வாழ்ந்தன. வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள், வெளியார் யார் வந்தாலும் விரட்டு என்பது நண்டுப் பிரபுவின் கட்டளை. இருநூறு வருஷமாக ஏனென்று கேட்க ஆளில்லை.

கரைக்குக் காவல்காரன் கென்சோ. அந்நாட்டு வீரர்களுக்கு இடுப்பில் இரண்டு வாள் என்றால், நண்டுகளுக்கு இரண்டு பெரிய கொடுக்கு. கென்சோவுக்கு இன்னும் பெரிது. என்ன பிரயோசனம்? சேற்றைக் கிள்ளி வாயில் வைக்கக்கூட வராது! ஆனால் கொடுக்கைத் தூக்கி "போ, போ!" என்று விரட்டுவதில் அவனை மிஞ்ச முடியாது.

ஒருநாள் புகை கக்கிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. கென்சோ கொடுக்கைத் தூக்கி "போ!" என்று கத்தினான். கப்பல் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது கிளப்பிய அலையில் பாதி வளைகள் இடிந்தன. அவன் மனைவி ஒசென் சுமந்திருந்த முட்டையெல்லாம் சேற்றோடு போயிற்று.

கரை கரையாகப் பறந்து திரியும் உள்ளான் குருவி வந்து இறங்கியது. "அண்ணே, விரட்டாதீங்க, கேளுங்க. அடுத்த வருஷம் நிறையக் கப்பல் வருதாம். மத்த கரை நண்டுங்க சின்னக் கையாலே ஆழமாத் தோண்டி வச்சிருக்கு. அதுங்க வளை இடியலே."

"கேட்டீங்களா?" என்றாள் ஒசென். "அடுத்த முட்டையையும் அள்ளிக் கொடுக்கணுமா? எனக்கு நெஞ்சு தாங்காதுங்க."

நண்டுக்கு முறிந்த கொடுக்கு சின்னதாகத்தான் திரும்ப முளைக்கும். கென்சோ வலக் கொடுக்கால் இடக் கொடுக்கைப் பிடித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு படக்கென்று முறித்துப் போட்டான்.

பிரபு குதித்தார். "காவல்காரனே ஆயுதத்தை முறிக்கிறதா? வெட்கக்கேடு!"

"ஐயா, காவல் காக்க முதல்லே வளை இருக்கணுமே!"

பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு மாற்றியபோது அந்த இடத்தில் சின்னக் கை ஒன்று முளைத்தது. அடேயப்பா, அது செய்த வேலை! தோண்டியது, அள்ளியது, ஊட்டியது. உள்ளானிடம் கென்சோ தினமும் நூறு கேள்வி கேட்டான். ஊரே வாயைப் பிளந்தது. பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக ஒரு கொடுக்கை முறித்தார்கள். பெண்கள் கெட்டிக்காரிகள், காவலும் வேண்டாம், பவிசும் வேண்டாமென்று இரண்டையுமே கழற்றி எறிந்தார்கள்.

சொன்னபடியே கப்பல்கள் வந்தன. அலை கரையைப் புரட்டியது. இடிந்தது கொடுக்கை முறிக்காத பிரபுவின் வளை மட்டும்தான். நனைந்து நடுங்கிக்கொண்டு அவர் வந்து நின்றது கென்சோ வாசலில்.

"உள்ளே வாங்க ஐயா, இடம் நிறைய இருக்கு" என்றான் கென்சோ. உள்ளே ஒசெனின் வயிற்றில் முட்டைகள் பத்திரமாக இருந்தன. அந்தச் சந்தோஷத்தில் அவன் மேலே ஏறி, மிச்சமிருந்த பெரிய கொடுக்கைக் கடலைப் பார்த்து உயர்த்தினான்.

அன்று முதல்தான் அந்தச் சேற்றுக்கரை ஆண் நண்டுக்கு ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது. தண்ணீர் ஏறினால் இன்றும் வாசலை அடைத்துக்கொள்ளும். வடிந்ததும் வெளியே வந்து, "போ, போ" என்று விரட்டிய அதே கொடுக்கை ஆட்டி, "வா, வா" என்று கூப்பிடும்.