உப்பை அடியில் வைத்தவர்

மீசை பெரிதாகவும் ராஜ்ஜியம் சின்னதாகவும் இருந்த ஒரு ராஜாவின் காலத்தில் நடந்தது இது. அந்த ராஜாவைப் பற்றி நமக்கு ஒன்றுமில்லை. அவர் பாட்டுக்கு அரண்மனையில் மீசையை நீவிக்கொண்டு இருக்கட்டும். நாம் அவருடைய நாட்டின் ஓரத்தில் இருந்த நொச்சித்துறைக்குப் போவோம். உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு நான் மறுபடி சொல்லமாட்டேன்.

ஊர் இக்கரை, சந்தை அக்கரை, நடுவில் ஆறு. பாலம் கிடையாது, பரிசல்தான். மூங்கிலைப் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசல். அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒழுங்காக ஏற்றினால் போய்ச் சேரும். இல்லாவிட்டால் நடு ஆற்றில் தட்டாமாலை சுற்றும்.

எந்தப் பரிசலில் யார், எந்தச் சுமை, எது முதலில் என்று சொல்கிறவர் துறைக்காரர். அந்த வேலையோடு ஆற்றங்கரையில் ஒரு வீடும் உண்டு. பழைய துறைக்காரர் கண் மங்கிப்போய் மகள் ஊருக்குப் போய்விட்டார். இடம் காலியாக இருந்தது.

அந்தத் துறையில் ஏழு வருடமாகச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தவள் பூவாத்தாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள் உண்டு. புதிதாக வருகிற துறைக்காரர் தன் ஆட்களைத்தான் ஏற்றுவதற்கு வைத்துக்கொள்வார், அது அங்கே வழக்கம். ஆகவே அந்த வேலை அவளுக்கே கிடைக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடி வேறு தேசம் போக வேண்டும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அவள் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது இதுதான்.

நொச்சித்துறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாளை வாக்கு நாள் என்று வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஊரின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் பந்தலில் உட்கார்ந்து, தாங்கள் எப்படி உயர்ந்தோம் என்று சொல்வார்கள். வேலை தேடுகிறவர்கள் கட்டுச்சோற்றோடு வந்து கேட்பார்கள். ஒருவர் உப்பு வணிகர் சென்னியப்பர். ஒருவர் ஏழு செக்குக்குச் சொந்தக்காரியான நாச்சாத்தாள். ஒருவர் ஊர்க் காரியம் பார்க்கும் பெரியதனக்காரர் நஞ்சண்ணர்.

இந்தக் கதைகள் வருடத்துக்கு வருடம் வளரும். முதல் வருடம் சென்னியப்பர் ஒரு மாட்டுச் சுமை உப்போடு தொழில் தொடங்கினார். மறு வருடம் மாட்டைக் காணோம், தலைச்சுமையாகிவிட்டது. மூன்றாம் வருடம் அது வேட்டி மடியில் ஒரு பிடி உப்பு. இன்னும் கொஞ்ச நாள் போனால் மனிதர் கடலையே தோண்டினேன் என்பார் என்று ஊரார் சிரித்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு முன்னால் கைதான் தட்டினார்கள்.

அந்த வருடமும் மூவரும் ஆளுக்கொரு வாக்குச் சொன்னார்கள்.

"முந்து. முந்தினவனுக்குத்தான் பந்தி" என்றார் சென்னியப்பர்.

"நிரப்பு. ஒரு விரக்கடை இடங்கூடச் சும்மா விடாதே" என்றாள் நாச்சாத்தாள்.

"வரிசை தப்பாதே. பெரியவங்களை முன்னால விடு, நீயும் பெரியவனாவே" என்றார் நஞ்சண்ணர்.

துறைக்காரர் வேலைக்கு நின்றவர்கள் மூன்று பேர். பொன்னையன் முதல் வாக்கை உள்ளங்கையில் பச்சை குத்திக்கொள்ளாத குறை. மாரண்ணன் இரண்டாவது வாக்கை நூறு தடவை முணுமுணுத்தான். பூவாத்தாள் மட்டும் எழுந்து நின்று ஒன்று கேட்டாள்.

"ஏனுங், ஏறின கதையெல்லாம் சொன்னீங்க. எங்கெங்கே சறுக்கி உழுந்தீங்கன்னு சொல்லலீங்களே?"

சென்னியப்பரின் முகம் சுண்டிப்போய்விட்டது. "துடுக்குப் பிடிச்சவ. இவளுக்கா துறை?" என்றார். நாச்சாத்தாள்தான் வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கேட்டுட்டுப் போறா, விடுங். ஏழு வருசம் சுமை ஏத்தினவளுக்கு நிக்கிற உரிமை இருக்குது. ஆளுக்கொரு சந்தை துறையைக் குடுத்துப் பார்க்கலாம்" என்றாள். அப்படியே முடிவாயிற்று. முதல் சந்தை பொன்னையனுக்கு, இரண்டாவது மாரண்ணனுக்கு, மூன்றாவது பூவாத்தாளுக்கு.

பந்தலில் வாய் திறக்காதவர்கள் ஆற்றங்கரையில் திறப்பார்கள். மேடை போட்டால் மனிதனுக்கு வீறாப்பு வந்துவிடும், தண்ணீரில் கால் நனைந்தால் போய்விடும். இது நான் கண்டது.

மறுநாள் சென்னியப்பரின் மூட்டைகளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டே பூவாத்தாள் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் இல்லை. "ஒருத்தருக்கும் சொல்லாதே. என்ற முதல் சுமையை அவசரத்துல பரிசலுக்குள்ள அடியில போட்டேன். மேலே தவிட்டு மூட்டை. தோல் கசிஞ்சு, அக்கரை போறதுக்குள்ள பாதி உப்பு ஆத்தோட போயிருச்சு. மீனுக்கெல்லாம் நான்தான் அன்னைக்கு உப்புப் போட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாவம், எத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்போ.

அடுத்து நாச்சாத்தாளைக் கேட்டாள். "குடத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்பினேன் அம்முணி. பரிசல் சுழண்டுச்சு, எண்ணெய் தளும்புச்சு, பரிசல்காரன் வழுக்கி என்ற மடியிலயே உழுந்தான். அன்னையிலிருந்து நாலு விரல் இடம் விட்டுத்தான் ஊத்தறேன். பந்தல்ல நிரப்புன்னு சொன்னா எடுப்பா இருக்குது, அதனால சொல்றேன்" என்றாள்.

நஞ்சண்ணர் மட்டும் லேசில் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்ட பிறகுதான் சொன்னார். "வரிசைப்படித்தான் ஏத்தோணும்னு ஒருக்கா பிடிவாதமா நின்னேன். கடைசியில ஒரு ஆடு மேய்க்கிறவன் நின்னான். அவன் முறை வந்து அக்கரை போய்ச் சேர்ந்து சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது, மேல அணை உடைஞ்ச சேதியை அவன்தான் கொண்டுவந்திருக்கிறான். எதுக்குப் போறேன்னு ஒருத்தரும் அவனைக் கேக்கலை. அதுக்குள்ள அக்கரை வயல் அத்தனையும் போச்சு. சேதி வரிசையோட வால்ல நின்னுது, நான் தலையையே பார்த்துக்கிட்டிருந்தேன்." அது அவருக்கு இன்னும் வலித்தது.

மூன்றையும் பூவாத்தாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆடி பிறந்தது, முதல் சந்தை வந்தது. பொன்னையன் முந்தினான். "தள்ளு, போடு, கிளம்பு" என்று கத்தி, கைக்கு அகப்பட்ட உப்பு மூட்டைகளை அடியில் எறிந்து, சூரியன் பனைமர உயரம் ஏறுமுன் எல்லாப் பரிசலையும் அனுப்பிவிட்டான். அக்கரையில் இறக்கிப் பார்த்தால் கோணி இருக்கிறது, உப்பு இல்லை. சென்னியப்பர் கோணியைத் தலைகீழாக உதறினார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

இரண்டாம் சந்தை வந்தது. மாரண்ணன் நிரப்பினான். ஆறு பேர் ஏறுகிற பரிசலில் பதினோரு பேர். விளிம்பு வரை நிரப்பிய எண்ணெய்க் குடங்களை அவர்கள் மடியில் வைத்தான். நடு ஆற்றில் பரிசல் சுற்றியது, எண்ணெய் கொட்டியது, எழுந்தவன் வழுக்கினான், பிடித்தவனும் வழுக்கினான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நஞ்சண்ணரின் தலைப்பாகை மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆற்றில் குளிக்கப் போனது, திரும்பி வரவில்லை.

மூன்றாம் சந்தை வந்தது. பூவாத்தாளின் முறை.

அன்று காலையிலேயே தண்ணீர் செந்நிறமாக இருந்தது. மலையில் மழை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆறு ஏறிவிடும். அதிகம் போனால் மூன்று பரிசல் போகும், அதற்குமேல் ஓட்டினால் ஆபத்து என்று பரிசல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கரையிலோ நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெரியவர்கள் தலையில், மற்றவர்கள் நடுவில், இல்லாதவர்கள் வாலில். எல்லாருக்கும் முன்னால் சென்னியப்பர் உப்போடு நின்றார்.

பூவாத்தாள் முதலில் பரிசல் அடியில் மூங்கில் தட்டியைப் பரப்பி, உப்பை அதற்குமேல் ஏற்றும்படி ஆட்களிடம் சொன்னாள். எண்ணெய்க் குடங்களில் நாலு விரல் இடம் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தாள். அப்புறம் ஒருவரும் எதிர்பாராத காரியம் செய்தாள். வரிசையின் தலையை விட்டுவிட்டு வாலுக்கு நடந்தாள். அங்கிருந்து ஒவ்வொருவராக ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள்: "எதுக்குப் போறீங்?"

கடைசியில் நின்றவள் மருத்துவச்சி குருடாயி. கையில் ஒரு துணிமூட்டை. "அக்கரையிலிருந்து ஒரு ஆள் கூவினாப்பல. யாருக்கோ இடுப்பு வலியாம். யாருன்னு ஆத்து இரைச்சல்ல தெரியலை. போனாத்தான் தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன் ஆத்தா வால்ல நிக்கறே?"

"நான் எப்பவும் இங்கதானே சாமி நிக்கறது" என்றாள் குருடாயி.

பூவாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலைக்கு வந்தாள். "மொதப் பரிசல் இந்த ஆத்தாளுக்கு. தண்ணி வேகமா வருது, பாரம் வேண்டாம், உப்பை இறக்குங்க. இவங்க ஒருத்தர்தான்."

சென்னியப்பருக்கு வந்ததே கோபம். "என்ற சுமையை இறக்கிட்டு ஒரு பொம்பளையை மட்டும் ஏத்தறயா? மொதச் சந்தையிலயே என்ற உப்பு அத்தனையும் நட்டம். இப்ப என்னை விடலைன்னா இந்தத் துறையில இன்னைக்கோட உன்ற வேலை முடிஞ்சுது. ஊரறியச் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான், அது அவளுக்குத் தெரியும். கரைமேல் அவளுடைய இரண்டு குழந்தைகளும் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. பூவாத்தாள் ஒருமுறை அவர்களைப் பார்த்தாள்.

"உங்க உப்பு நாளைக்கும் உப்புத்தானுங் அய்யா. அந்த வலி நாளைக்கு வரைக்கும் நிக்காதுங்" என்றாள். பரிசலைத் தள்ளிவிட்டாள்.

இரண்டாவது பரிசலில் மருந்துக்குப் போகிறவர்களும், கைக்குழந்தையோடு வீடு திரும்புகிறவர்களும் போனார்கள். மூன்றாவதில் பால்காரிகள், பூக்காரிகள், அழுகிப்போகிற சரக்குக்காரர்கள். அதற்குள் தண்ணீர் படி ஏறிவிட்டது. உப்பும் எண்ணெயும் பெரியதனக்காரரும் கரையிலேயே நின்றார்கள். நாச்சாத்தாள் ஒரு குடத்தின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். சென்னியப்பர் பேசியதை நான் இங்கே சொல்ல முடியாது, குழந்தைகள் இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே பூவாத்தாள் பானை சட்டியைக் கட்டிவைத்தாள்.

பொழுது விடிந்தது, தண்ணீர் இறங்கியது. முதல் பரிசலில் சென்னியப்பர் உப்போடு ஏறிப் போனார். அக்கரைத் துறையில் அவருடைய மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்த மகளைத் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதாக இருந்தார்கள். அடுத்த மாதம் வரைக்கும் அந்தக் குழந்தைக்குப் பொறுமை இல்லை. தாத்தாவைப் போலவே முந்திக்கொண்டது.

"ராத்திரி கஷ்டப்பட்டுப் போச்சுங் மாமா. மருத்துவச்சி அந்தப் பரிசல்ல வராம இருந்திருந்தா ரெண்டு உசுரும் நமக்கில்லை" என்றார் மாப்பிள்ளை.

சென்னியப்பர் பேத்தியைக் கையில் வாங்கினார். ஊரையே அதட்டுகிற மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். உப்பு விற்றாரா என்று கேட்காதீர்கள். மூட்டைகளைப் பரிசலிலேயே மறந்துவிட்டார். பூவாத்தாள் பரப்பிய தட்டிமேல் இருந்ததால் ஒரு கல் உப்புக்கூடக் கரையவில்லை.

அவர் இக்கரைக்குத் திரும்பியபோது பூவாத்தாள் மூட்டையைத் தலையில் வைத்து, குழந்தைகளைக் கையில் பிடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் வந்து அந்த மூட்டையைத் தன் கையால் இறக்கினார். துறைக்காரருக்கு உரிய ஆற்றங்கரை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். நஞ்சண்ணரும் நாச்சாத்தாளும் சரி என்று தலையாட்டினார்கள்.

மறு ஆனியில் வாக்கு நாள் வந்தது. பந்தலில் சென்னியப்பர் முதலில் எழுந்தார். வேட்டி மடி உப்புக் கதை வரும் என்று எல்லாரும் கைதட்டத் தயாரானார்கள்.

"நான் உப்பை அடியில வெச்சவன்" என்று தொடங்கினார் அவர். "அதைவிடப் பெரிய தப்பு போன ஆடியில பண்ணினேன். அதையும் சொல்றேன், கேளுங்."

அன்றைக்குக் கைதட்டல் இல்லை. நாற்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், ஒருவன்கூடக் கட்டுச்சோற்றை அவிழ்க்கவில்லை.

அவ்வளவுதான் கதை. உங்களுக்கும் நாளைக்கு எவராவது பெரிய மனிதர் வாய்க்கலாம். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: உயர்ந்தவர் ஏறிய கதை கேட்பவருக்குக் காது குளிரும், அவர் சறுக்கிய இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டவருக்கே கால் நிலைக்கும்.