காந்திமதி ஏற்றிய விளக்கு

மங்கை அம்மாவுக்குப் பிச்சையா சீடர். வயதில் பிச்சையாதான் இருபது ஆண்டு மூத்தவர். பாளையங்கோட்டையில் இதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. பிச்சையா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவருடைய கவலை எல்லாம் வீட்டில் எரியும் ஒரு குத்துவிளக்கைப் பற்றித்தான்.

அது அவர் மனைவி காந்திமதி கடைசியாக ஏற்றிய விளக்கு. சாயங்காலம் ஏற்றினாள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அந்தச் சுடரை விட பிச்சையாவுக்கு மனம் வரவில்லை. இரவில் எழுந்து எழுந்து எண்ணெய் ஊற்றினார். கல்யாண வீட்டுக்குப் போனால் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவார். வெளியூர் போவதையே விட்டுவிட்டார். மனுஷர் நன்றாகத் தூங்கி இரண்டு வருஷம் இருக்கும்.

அவர் மகள் வடிவு இருப்பது வெளிநாட்டில், பாக்கு நகரத்தில். அங்குள்ள தமிழர்கள் மங்கை அம்மாவை ஆன்மிகம் பேச அழைத்தார்கள். "பேத்தி மொகத்தை ஃபோன்லயே பாத்துக்கிட்டு இருக்கப் போறீகளா?" என்று பிச்சையாவையும் அவர் கையோடு இழுத்துக்கொண்டு போனார். விளக்கு பக்கத்து வீட்டு முப்பிடாதியின் பொறுப்புக்கு வந்தது. பாவம் அவள்.

"பிள்ள நடக்கிற வரைக்கும் இருங்கப்பா" என்று வடிவு கெஞ்சினாள்.

"விளக்கு இருக்குல்லாம்மா" என்றார் பிச்சையா.

மறுநாள் அவருக்கு விமானம். ஊர் சுற்ற மிஞ்சியது ஒரே ஒரு நாள்.

காலையில் மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் நடந்தார்கள். சந்துக்குச் சந்து பூனைகள். பேத்தியை மங்கை அம்மா தோளில் போட்டிருந்தார். ஒரு கடையில் தேநீர் வந்தது, தொட்டுக்கொள்ளப் பழ ஜாமோடு.

"ஊரு பேரு பாக்கு. வெத்தலையத்தான் காணோம்" என்றார் பிச்சையா. சொல்லிவிட்டு உடனே முப்பிடாதிக்கு ஃபோன் போட்டார். "எண்ணெய் இருக்கா? திரி கருகலையே?"

மதியம் நெருப்புக் கோயிலுக்குப் போனார்கள். கல் முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகள் தாங்கிய மண்டபம், உள்ளே தீ. அந்தக் காலத்தில் நம் நாட்டுத் துறவிகள் வந்து தங்கிய இடம். வாசல் கல்லில் பிள்ளையார் பெயர் வெட்டியிருந்தது. பிச்சையா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எத்தனை காலமா எரியுது! அணைய விடாமப் பாத்துக்கிட்டாங்களே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு அருமை."

வடிவு தயங்கினாள். "அப்பா, பூமிக்குள்ள இருந்த வாயு ஒரு நாள் நின்னு போச்சு. நெருப்பும் அணைஞ்சிருச்சு. இப்ப எரியிறது ஊருக்குள்ள இருந்து குழாய் போட்டுக் கொண்டு வந்த கேஸு."

பிச்சையாவின் முகம் வாடிவிட்டது. தன் வீட்டிலேயே ஏதோ அணைந்ததுபோல் நின்றார்.

"அம்மா, அணைஞ்சதைத் திரும்ப ஏத்தினா, அது அதே நெருப்பாகுமா?"

மங்கை அம்மா பேத்தியின் குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டார்.

சாயங்காலம் எரியும் மலைக்குப் போனார்கள். மலை என்று சொல்கிறார்கள், ஒரு மேடுதான். அதன் அடியில் மண்ணிலிருந்தே தீ சீறிக்கொண்டு வந்தது. காற்றானால் ஆளைத் தள்ளியது. தீ அசைந்ததே தவிர அணையவில்லை.

"மழையிலயும் பனியிலயும் எரியுமாம்" என்றாள் வடிவு.

"பாத்தீகளாம்மா!" பிச்சையாவுக்கு உயிர் வந்துவிட்டது. "இதுல்லா நெருப்பு!"

"இதை யாரு ஏத்தினா, அண்ணாச்சி?" என்று கேட்டார் மங்கை அம்மா.

"யாரும் ஏத்தல. அதுவா எரியுது."

"அண்ணி விளக்கு?"

"அவ ஏத்துனது."

"தெனமும் ஏத்துவாங்களா?"

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து. ஒரு சாயங்காலம் தவறாது."

"தெனமும் எப்படி ஏத்த முடியும்? ஏற்கெனவே எரிஞ்சிக்கிட்டுல்லா இருக்கும்?"

பிச்சையா சிரித்தார். "என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கீக. ராத்திரி படுக்கப் போகையில பூவைப் பால்ல முக்கி, திரியில வச்சுக் குளிர வச்சிருவா. இவ்வளவு நேரமும் நமக்காக நின்னு எரிஞ்சுது, அதுவும் ஒறங்கட்டும்னு சொல்லுவா."

"மறுநா ஏத்தினது வேற விளக்குன்னு என்னைக்காவது தோணுச்சா?"

"அது எப்படி வேற விளக்காகும்? அவ ஏத்துன..."

பிச்சையாவுக்குக் கண் கலங்கியது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொள்ளலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

மங்கை அம்மா மெதுவாகக் கேட்டார்: "அது ஒறங்கி எவ்வளவு நாளாச்சு, அண்ணாச்சி?"

பிச்சையா ஃபோனை எடுத்தார்.

"எண்ணெய் ஊத்திட்டேன் அண்ணாச்சி, சன்னலையும் சாத்திட்டேன்" என்றாள் முப்பிடாதி, அவர் கேட்பதற்கு முன்பே.

"அது கிடக்கட்டும். முற்றத்துல நந்தியாவட்டை பூத்திருக்கா?"

"பூத்திருக்கு. ஏன்?"

"ஒண்ணு பறிச்சுக்கோ. பால்ல முக்கி விளக்கைக் குளிர வச்சிரு."

முப்பிடாதி நம்பவில்லை. "நெசமாவா சொல்லுதீக?"

"நெசமாத்தான். நாளைக்குச் சாயங்காலம் ஏத்து. ராத்திரி குளிர வச்சிட்டு நீயும் போய்ப் படு."

"நாளைக்கழிச்சு நீங்கதான் வந்திருவீகளே?"

வடிவு அப்பாவைப் பார்த்தாள். பேத்தி மங்கை அம்மாவின் தோளில் வாயைத் திறந்துகொண்டு உறங்கியது.

"பிள்ள நடக்கட்டும்" என்றார் பிச்சையா.