வாய் பொத்திய வழிப்போக்கர்கள்

கொன்றையூர் மன்னன் மாறவேலன் சந்தை நடுவே ஒரு கல்மேடை கட்டியிருந்தான். யார் வேண்டுமானாலும் ஏறிக் கருத்துச் சொல்லலாம். பெயரும் கேட்க மாட்டார்கள், வேலையும் கேட்க மாட்டார்கள். அதில் மன்னனுக்கு ஏகப் பெருமை.

அதே சந்தையில் மாராயி புட்டுக் கடை வைத்திருந்தாள். அரண்மனை மடைப்பள்ளித் தலைவர் அனந்தப்பர் அவளுக்கு எதிரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். மறுநாளே மேடையில் கூட்டம்.

"நான் சாதாரண வழிப்போக்கன். அனந்தப்பர் கடைப் பொங்கல் அமிர்தம்" என்றான் ஒருவன்.

"நானும் வழிப்போக்கன்தான். மாராயி புட்டில் கல். என் பல் போயிற்று" என்றான் அடுத்தவன், எல்லாப் பற்களும் தெரிய.

இப்படியே இருபது வழிப்போக்கர்கள். மன்னன் நேரில் வந்தான்.

"ஊரே சொல்கிறது. கடையை எடுத்துவிடு, மாராயி."

"இவங்க யாரும் என் கடைப் பக்கமே வந்ததில்லை, சாமி. கடை போனா என் பிள்ளைங்க பட்டினிதான்."

அமைச்சர் சொக்கேசன் குறுக்கிட்டார். "மன்னர் முதலில் பசியாறட்டும்."

அவர் கைகாட்ட, பட்டுத்துணி மூடிய வெள்ளித் தட்டு ஒன்று கூட்டத்தின் வழியே வந்தது. "மன்னரின் உணவு வருகிறது" என்றான் காவலன்.

சந்தை மக்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். வழிப்போக்கர்கள் மட்டும் சட்டென்று வாயைப் பொத்தி, தலை குனிந்து, பின்னால் நகர்ந்தார்கள்.

மன்னன் புருவத்தை உயர்த்தினான். "என் உணவில் மூச்சுக்காற்று படக்கூடாது என்று மடைப்பள்ளி ஆட்களுக்கு மட்டும்தானே இந்தப் பழக்கம்?"

"ஆமாம், மன்னா. பாவம், வழிப்போக்கர்களுக்கும் தொற்றிவிட்டது போல" என்றார் சொக்கேசன்.

மன்னன் எதிர்க்கடை வாசலில் நின்ற அனந்தப்பரைப் பார்த்தான். அவரும் வாயைப் பொத்தியிருந்தார்.

தட்டில் இருந்தது மாராயியின் புட்டு. மன்னன் தின்று முடித்தான். பல் எதுவும் போகவில்லை.

"மாராயி கடை இங்கேயே இருக்கும். இனி மேடை ஏறுபவர், யாரிடம் வேலை பார்க்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்" என்றான். "தீர்ப்பு எப்படி, சொக்கேசரே?"

சொக்கேசன் மேடை ஏறினார். "நான் மன்னரிடம் சம்பளம் வாங்குபவன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தீர்ப்பு மிக மிக அருமை."

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான்.

சொக்கேசன் பெருமூச்சு விட்டார். "அடுத்த முறை இதையும் அல்லவா சொல்ல வேண்டும், மன்னா?"