பட்டியலில் முதல் பெயர்

வெள்ளம் புகுந்து பாழான அம்பத்தூர் பள்ளிப்பைக் கம்பெனி மறுபடி திறந்தபோது, பழைய பைகளைக் கேட்க ஆளில்லை. புது டிசைன் வரும்வரை யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்றார் முதலாளி வரதராஜுலு. கேட் காவலுக்கு நின்ற ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"சும்மா நிக்கிறவங்க எல்லார் பேரையும் எழுது. ஒரு பேர் விட்டுப்போனாலும் உன் வேலை போயிடும். பட்டியல்ல இருக்கிறவங்களைச் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புறேன்."

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஜெசிந்தா பட்டியலைப் படித்தாள்.

"முதல் பேர், வரதராஜுலு. செவ்வாய்க்கிழமை, புங்கமரத்தடியில முக்கால் மணி நேரம்."

"நான் அங்கே யோசிச்சுக்கிட்டிருந்தேன்!" என்று கத்தினார் முதலாளி.

"மத்த பதினோரு பேரும் அதையேதான் சொல்றாங்க, சார். கேட்டுல இருந்து பார்த்தா யோசிக்கிறதும் சும்மா நிக்கிறதும் ஒரே மாதிரிதான் இருக்கு. எப்படிப் பிரிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் குபீரென்று சிரித்தது. முகம் சிவந்து நின்ற முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டியலைக் கிழித்துப் போட்டார்.

"சரி, அந்தப் பதினோரு பேரும் என்னதான் யோசிச்சீங்க?"

அவர்களில் தையல்காரர் கபூர் தயங்கித் தயங்கிச் சொன்னது, மழையில் நனையாத பை. அது திங்கட்கிழமையே தையலுக்குப் போனது. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் கம்பெனி இரண்டு ஷிஃப்ட் ஓடியது.